எண்களாக வரும் இசை: வீட்டு ஒலிக்கருவியைச் சீராக அமைக்கும் முறை

மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கே கொல்கத்தா மாநகர் விழித்துக்கொள்ளும். ஆகாசவாணியில் ‘மகிஷாசுரமர்த்தினி’ ஒலிபரப்பாகும் நேரம் அது. பாணிகுமார் எழுதி, பங்கஜ் குமார் மல்லிக் இசையமைத்து, வீரேந்திர கிருஷ்ண பத்ரர் சண்டி பாராயணம் செய்த இந்நிகழ்ச்சி 1930-களின் தொடக்கத்தில் தோன்றியது. 1976-ஆம் ஆண்டில் இதற்குப் பதிலாகத் திரைப்பட நடிகர் உத்தம் குமாரைக் கொண்டு வேறொரு நிகழ்ச்சி ஒலிபரப்பப்பட்டது. நேயர்கள் பெரிதும் அதிருப்தி தெரிவிக்கவே, பழைய நிகழ்ச்சியே மீண்டும் இடம்பெற்றது. ஒரு குரலின் தன்மையை மக்கள் எவ்வளவு நுட்பமாகச் செவியில் பதித்து வைத்துள்ளனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இந்நிகழ்ச்சி ஒலித்தட்டாகவும் குறுந்தகடாகவும் வெளிவந்திருக்கிறது. காளி கோயிலைச் சூழ்ந்த காளிகாட் பகுதியிலும், அதையடுத்துத் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் வட்டாரத்திலும், இன்று வானொலிப் பெட்டியோடு குறுந்தகட்டுக் கருவி, டி.வி.டி. கருவி, தொலைக்காட்சியுடன் இணைந்த பெருக்கி ஆகியவையும் பல வீடுகளில் உள்ளன. ஒரே பதிவு ஒரு வீட்டில் சொல் சொல்லாகத் தெளிவுற ஒலிக்கிறது; மற்றொரு வீட்டில் உறுமலாகக் கேட்கிறது; வேறொரு வீட்டில் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கிறது. இவ்வேறுபாட்டுக்குக் கருவியின் விலை காரணம் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் கருவியினுள் இருக்கும் ஒலி வெளியீட்டு அமைப்புகளைச் சரியாகத் தேர்ந்தெடுக்காமையே பெரும்பாலும் காரணமாகும். இவ்வமைப்புகள் யாவை, ஒவ்வொன்றும் செய்யும் பணி யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றழுத்தத்தில் தோன்றும் இடைவிடாத ஏற்றத்தாழ்வு. டிஜிட்டல் ஒலி எனப்படும் இலக்க ஒலியில் இந்த ஏற்றத்தாழ்வு குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்களாகக் குறிக்கப்படுகிறது. நோயாளியின் உடற்சூட்டை மணிக்கொருமுறை அளந்து அட்டவணையில் எழுதுவதை இதற்கு ஒப்பிடலாம். அட்டவணையிலுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் காய்ச்சலின் போக்கு விளங்குவதுபோல, எண்களை மீண்டும் மின்னழுத்தமாக மாற்றினால் ஒலியின் வடிவம் திரும்பக் கிடைக்கும். இம்முறையை ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-ஆம் ஆண்டில் தொலைபேசிக்காக வகுத்தார். பி.சி.எம். என்ற பெயரில் அது இன்றளவும் வழங்குகிறது.

1982-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒலி வினாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஓர் அதிர்வைச் சரிவரக் குறிக்க, அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட தடவைகள் அளக்கவேண்டும் என்பது விதி. மனிதச் செவிக்கு எட்டும் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் ஆதலால், 44,100 என்ற அளவு போதுமானதாகும். ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளைக் கொண்ட எண்ணாகக் குறிக்கப்படுகிறது. 16 பிட்டுகளால் 65,536 படிகளை வேறுபடுத்திக் காட்டலாம். ஒரு பிட் கூடுந்தோறும் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள வீச்சு ஏறத்தாழ 6 டெசிபெல் விரியும். எனவே குறுந்தகட்டின் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல் ஆகும்.

இடது, வலது ஆகிய இரு தடங்களுக்குமாக ஒரு வினாடியில் 14,11,200 பிட்டுகள் கருவியிலிருந்து வெளிவருகின்றன. இவ்வெண்களை யார் படிக்கிறார், எந்த முறைப்படி படிக்கிறார் என்பதில் அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் உடன்பட்டிருக்கவேண்டும். ஒலி வெளியீட்டு அமைப்பு எனப்படுவது முதற்கண் இந்த உடன்பாடேயாகும்.

பி.சி.எம்., பிட்ஸ்ட்ரீம்: எதைத் தேர்வது?

டி.வி.டி. தகட்டில் திரைப்பட ஒலி பெரும்பாலும் ஆறு தடங்களாகப் பதிவாகிறது. முன்னிடது, முன்வலது, நடு, பின்னிடது, பின்வலது என ஐந்தும், மந்தர ஒலிக்கென ஒன்றும் உண்டு. வினாடிக்கு 48,000 அளவுகள், ஒவ்வொன்றும் 16 பிட் எனக் கொண்டால், ஆறு தடங்களுக்கும் 46,08,000 பிட்டுகள் தேவைப்படும். இவ்வளவையும் படத்தோடு தகட்டில் இடுவது கடினம். ஆதலால் செவி கவனிக்காத விவரங்களை நீக்கி ஒலியைச் சுருக்கிப் பதியும் முறைகள் கையாளப்படுகின்றன. டால்பி டிஜிட்டல் முறையில் டி.வி.டி. தகட்டிலுள்ள ஆறு தட ஒலி அதிக அளவாக வினாடிக்கு 4,48,000 பிட்டுகளில் அடங்கிவிடுகிறது. இது மூல அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும்.

சுருக்கிய ஒலியை விரித்தால்தான் கேட்க முடியும். விரிக்கும் வேலையைத் தகட்டுக் கருவியே செய்யலாம். அல்லது பெருக்கியிடம் விட்டுவிடலாம். அமைப்புப் பட்டியலில் ‘பி.சி.எம்.’ என்பதைத் தேர்ந்தால் தகட்டுக் கருவி ஒலியை விரித்து வெறும் எண்களாக அனுப்பும். ‘பிட்ஸ்ட்ரீம்’ என்பதைத் தேர்ந்தால் சுருக்கிய பொதியை அவிழ்க்காமலே அனுப்பும். சில கருவிகளில் பிட்ஸ்ட்ரீமுக்கு ‘ரா’ என்ற பெயரும் உண்டு.

பெருக்கியின் முகப்பிலோ கையேட்டிலோ டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ். ஆகிய பெயர்கள் காணப்பட்டு, ஐந்து அல்லது ஆறு ஒலிபெருக்கிகளும் இணைக்கப்பட்டிருந்தால் பிட்ஸ்ட்ரீம் பொருத்தமானது. இரண்டே ஒலிபெருக்கிகள் உள்ள வீட்டிலும், பெருக்கியின் திறன் தெரியாத இடத்திலும் பி.சி.எம். அமைப்பே பாதுகாப்பானது. பொதியை அவிழ்க்கத் தெரியாத பெருக்கி பெரும்பாலும் ஒலியின்றி வாளாவிருக்கும். பழைய மாற்றிகள் சில, பொதியிலுள்ள எண்களை நேரடி ஒலி எண்களாகக் கருதி மாற்றிவிடுகின்றன. அப்போது இசைக்குப் பதிலாக உச்ச அளவில் இரைச்சல் புறப்படும். டி.டி.எஸ். முறையில் பதிந்த குறுந்தகடுகளைச் சாதாரண மாற்றியின் வழியாகக் கேட்க முயன்றவர்கள் இதை அறிவர். இந்த இரைச்சல் ஒலிபெருக்கியின் சிறிய உச்ச ஒலிக் கூம்பை எரித்துவிடக்கூடும், செவிக்கும் கேடு. ஆகவே எந்த அமைப்பை மாற்றுமுன்னும் ஒலி அளவைக் கடைசிவரை குறைத்துக்கொண்டு, மாற்றிய பின்னர் மெல்ல மெல்ல உயர்த்துவது கட்டாயமான ஒழுங்காகும்.

இணைப்பின் வரம்புகள்

எண்கள் செல்லும் வழிகள் மூன்று. முதலாவது, 75 ஓம் தடையுள்ள ஓரச்சுக் கம்பி. இரண்டாவது, சிவப்பொளியைத் தாங்கிச் செல்லும் ஒளியிழை. 1983-ஆம் ஆண்டில் தோஷிபா நிறுவனம் இதனை வெளியிட்டது. மூன்றாவது, படத்தையும் ஒலியையும் சேர்த்துச் சுமக்கும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு; இது 2002-இல் வகுக்கப்பட்டது. முதலிரண்டும் இரு தடப் பி.சி.எம். ஒலியையோ சுருக்கிய ஆறு தட ஒலியையோ மட்டுமே சுமக்கவல்லவை. சுருக்காத பல தட ஒலிக்கு எச்.டி.எம்.ஐ. இன்றியமையாதது.

ஒளியிழைக்கு ஒரு சிறப்புண்டு. அதில் மின்சாரம் பாயாமையால் இரு கருவிகளுக்குமிடையே மின் தொடர்பு ஏற்படுவதில்லை. பழைய வீடுகளில் நில இணைப்புக் கோளாறினால் ஒலிபெருக்கியில் 50 ஹெர்ட்ஸ் ‘ஹம்’ ஓசை கேட்பதுண்டு. கருவிகளுக்கிடையே ஓடும் கம்பியின் வழியாக அது வருமாயின், ஒளியிழையைப் பயன்படுத்துவதால் நீங்கும். ஆயினும் ஒளியிழையை நகத்தளவு வளைவாக மடக்கினால் ஒளி கசிந்து ஒலி விட்டுவிட்டு வரும்.

வேகமும் சுருதியும்

அளவெண் ஒத்துப்போகவேண்டும் என்ற கருத்து புதிதன்று. கிராமபோன் கம்பெனியின் சார்பில் பிரெட் கைஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவுசெய்தார். 1908-இல் சியால்தாவில் ஒலித்தட்டுத் தொழிற்சாலையும் நிறுவப்பட்டது. அக்காலத்துத் தட்டுகள் யாவும் ஒரே வேகத்தில் பதியப்பட்டவையல்ல. நிமிடத்துக்கு 76 சுற்று வேகத்தில் பதிந்த தட்டை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். எனவே கிராமபோனில் வேகத்தைத் திருத்தும் திருகு வைக்கப்பட்டிருந்தது. சுருதி ஞானமுள்ளவர்கள் அதைத் திருப்பிப் பாடகரின் குரலைச் சரிசெய்தனர்.

இலக்க ஒலியில் அளவெண்ணே அந்தத் திருகு. 44,100 என்ற கணக்கில் பதிந்த எண்களை 48,000 என்ற வேகத்தில் படித்தால் பாட்டு ஏறத்தாழ 9 சதவிகிதம் விரைந்தோடும். சுருதி ஒன்றரை அரைச்சுர அளவு உயரும். ஷட்ஜம் இருக்கவேண்டிய இடத்தில் ஷட்ஜம் இராது. தற்காலக் கருவிகள் வரும் எண்களின் வேகத்தைத் தாமே அறிந்துகொள்வதால் இத்தவறு வீட்டில் அரிதே. ஆனால் பழைய பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றிப் பாதுகாக்கும் பணியில் இது நேரக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் பிற்காலத்தார் அந்தப் பாடகரின் சுருதியையே தவறாக அறிவர்.

வீட்டுக் கருவியின் பட்டியலில் ‘48 கிலோ ஹெர்ட்ஸ்’, ‘96 கிலோ ஹெர்ட்ஸ்’ என்ற தெரிவு இருந்தால், பெருக்கி ஏற்கும் உச்ச அளவைக் குறிக்கவேண்டும். ஐயமிருப்பின் 48 என்பதே தக்கது. சாதாரணக் குறுந்தகட்டுக்கு இதனால் யாதொரு குறைவும் இல்லை.

உரையாடல் மறையும் விந்தை

களப்பணியாளர்கள் கிராமங்களில் படம் காட்டும்போது இசையும் பின்னணி ஓசையும் பலமாகக் கேட்க, பேச்சு மட்டும் கேட்காமற்போவதுண்டு. படத்தைக் குறைகூறுவதற்கு முன் கருவியின் அமைப்பைச் சோதித்தல் வேண்டும். ஆறு தட ஒலியில் உரையாடல் பெரும்பாலும் நடுத் தடத்திலேயே வைக்கப்படுகிறது. கருவி ஆறு தடங்களாக ஒலியை வெளியிடும்படி அமைக்கப்பட்டு, இடது வலது ஒலிபெருக்கிகள் மட்டுமே இணைக்கப்பட்டிருந்தால் நடுத் தடம் எங்கும் ஒலிக்காது. தாய்சேய் நலத்தைப் பற்றிய படத்தில் மருத்துவர் சொல்லும் அறிவுரையே போய்விட்டால் படம் காட்டியதன் பயன் யாது?

இதற்குப் பரிகாரம் எளிது. பட்டியலில் ‘ஸ்டீரியோ’ அல்லது ‘இரு தடம்’ என்று தேர்ந்தால், கருவி நடுத் தடத்தை 3 டெசிபெல் குறைத்து இரு பக்கமும் சமமாகச் சேர்த்துவிடும். இரு பக்கமும் ஒன்றாக ஒலிக்கும் பேச்சு நடுவிலிருந்தே வருவதுபோல் தோன்றும்.

அறையும் தூரமும்

ஒலிபெருக்கிகள் பல இருந்தால் ஒவ்வொன்றின் தூரத்தையும் குறிக்கும்படி கருவி கேட்கும். கொல்கத்தாவின் வெப்பநிலை 30 பாகையாக இருக்கும்போது ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். அதாவது ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு 35 சென்டிமீட்டர். நடு ஒலிபெருக்கி மற்றவற்றைக் காட்டிலும் 70 சென்டிமீட்டர் அருகில் இருந்தால் அதன் ஒலி ஆயிரத்தில் 2 வினாடி முந்தி வரும். தூரத்தைச் சரியாகக் குறித்தால் கருவி அந்த ஒலியை அவ்வளவு நேரம் நிறுத்திவைத்து அனுப்பும். கேட்பவர் அமரும் இடத்திலிருந்து நாடாவினால் அளந்து குறித்தல் வேண்டும்.

தொலைக்காட்சி படத்தைச் சீர்செய்ய நேரமெடுத்துக்கொள்வதால், உதட்டசைவுக்கு முன்னரே பேச்சு கேட்பதுண்டு. இதற்கு ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு உதவுகிறது. ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே மக்கள் கண்டுகொள்கின்றனர்; பிந்தினாலோ 125 மில்லி வினாடி அளவு வரும்போதுதான் கண்டுகொள்கின்றனர். இயற்கையில் மின்னலுக்குப் பின்னரே இடி கேட்கிறது. ஒலி பிந்துவது மனிதனுக்குப் பழகிய ஒன்று.

அடுத்தது ஒலிபெருக்கியின் உருவம். ‘பெரிது’, ‘சிறிது’ என்ற சொற்கள் பெட்டியின் பருமனைக் குறிப்பனவல்ல. மந்தர ஒலியைத் தாங்கும் திறனைக் குறிப்பன. மந்தர ஒலிக்கெனத் தனிப்பெட்டி இருந்தால் மற்றவற்றைச் ‘சிறிது’ என்றே குறித்து, பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைப்பது வழக்கம். தனிப்பெட்டி இல்லையெனில் முன்னிரண்டையும் ‘பெரிது’ எனக் குறிக்கவேண்டும். இல்லாவிடில் மந்தர ஒலி செல்லுமிடமின்றி அழிந்துபோகும்.

காளிகாட்டின் பழைய வீடுகளில் சிறு அறைகள் பல உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 3.5 மீட்டர் இருந்தால், 50 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஒலி சுவர்களுக்கிடையே மோதி மோதி வலுப்பெறும். ‘உறுமல்’ என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதுவே. மந்தர ஒலிப்பெட்டியை மூலையில் வைத்தால் உறுமல் மிகும். மூலையிலிருந்து நகர்த்தினால் குறையும். பெட்டியை நகர்த்திப் பாராமல் மின்னமைப்புகளை மட்டும் திருத்த முயல்வது வீண் முயற்சியாகும்.

மற்றொரு முனையில் உச்ச ஒலிகள் உள்ளன. இவற்றின் அருமையை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சி கொல்கத்தாவிலேயே நடந்தது. 1907-ஆம் ஆண்டில் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த சி.வி. ராமன், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் இசைக்கருவிகளை ஆராய்ந்தார். தோற்கருவிகளில் பொதுவாக இசைவான மேற்சுரங்கள் எழுவதில்லை. மிருதங்கத்திலும் தபலாவிலும் தோலின் நடுவே பூசப்படும் கருஞ்சாந்து அவற்றை எழச்செய்கிறது என்பதை 1920-ஆம் ஆண்டில் சிவகாளி குமாருடன் சேர்ந்து வெளியிட்டார். தம்புராவில் அகன்ற குதிரையும் அதன்மேல் செருகும் நூலும் மேற்சுரங்களைச் செழிக்கச் செய்கின்றன என்பதையும் 1921-இல் விளக்கினார்.

எனவே ஒலியமைப்பைச் சோதிக்கத் தம்புரா ஓசையைவிடச் சிறந்தது கிடைப்பதரிது. நூலினால் எழும் இரீங்காரம் தெளிவாகக் கேட்டால் உச்ச ஒலிகள் குறையவில்லை என்று கொள்ளலாம். சுருதி மங்கலாக, போர்வைக்குள் இருப்பதுபோல் கேட்டால் உச்ச ஒலி எங்கோ குறைக்கப்பட்டிருக்கிறது என்று அறியலாம்.

ஒரு வேலைக்கு ஓர் இடம்

இதுவரை கூறியவற்றினின்று ஒரு பொது விதி பெறப்படுகிறது. ஒவ்வொரு வேலையும் ஓரிடத்தில் மட்டுமே நடைபெறவேண்டும். தகட்டுக் கருவியிலும் மந்தர ஒலியைக் கூட்டி, பெருக்கியிலும் கூட்டினால் இரு மடங்கு பிழை நேரும். தகட்டுக் கருவியில் ஒலிபெருக்கிகளின் தூரத்தைக் குறித்துவிட்டு பிட்ஸ்ட்ரீமாக அனுப்பினால், பொதியை அவிழ்ப்பது பெருக்கியாதலால் அந்தக் குறிப்பு பயனற்றுப் போகும்.

எண்ணுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதையும் மறத்தலாகாது. 16 பிட் எண் 32,767-க்கு மேல் செல்ல இயலாது. உரத்த இடங்களில் பதிவு அவ்வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது மந்தர ஒலியை 6 டெசிபெல் கூட்டச் சொன்னால், எண் இருமடங்காகவேண்டும், அதற்கு இடமில்லை. அலையின் தலை வெட்டுண்டு கரகரப்பு பிறக்கும். ஆகவே சமன்படுத்தும் அமைப்புகளில் ஒன்றைக் கூட்டுவதைவிட மற்றதைக் குறைப்பதே மேல்.

ஒலி அளவைத் திருத்துவதிலும் இவ்விதியே பொருந்தும். 16 பிட் அளவில் மட்டும் கணக்கிடும் கருவியில் ஒலியை 48 டெசிபெல் குறைத்தால், மிஞ்சுவது 8 பிட் விவரமே. 24 பிட்டுகளில் கணக்கிடும் புதிய கருவிகளில் இழப்பு சொற்பம். ஆயினும் தகட்டுக் கருவியின் வெளியீட்டை ‘நிலையானது’ என்று வைத்து, ஒலி அளவைப் பெருக்கியில் மட்டும் திருப்புவது எக்கருவிக்கும் ஏற்ற முறையாகும்.

இரவு அமைப்பும் அண்டை வீடும்

மகாளய விடியலில் நான்கு மணிக்கு ஒலிக்கருவியை இயக்குபவர் சட்டத்தின் கண்ணுக்கு இரவில் இயக்குபவரே ஆவார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவாகக் கொள்ளப்படுகிறது. குடியிருப்புப் பகுதியில் சூழலொலியின் வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். தனியார் இடத்தில் உள்ள ஒலிக்கருவியின் ஓசை, அந்த இடத்தின் எல்லையில் இவ்வரம்பை 5 டெசிபெல்லுக்கு மேல் தாண்டலாகாது. அதாவது இரவில் வீட்டெல்லையில் 50 டெசிபெல் வரையே இடமுண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்து அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வரம்பு இன்னும் 5 டெசிபெல் குறைவு. காளிகாட்டையொட்டிய ஹாஜ்ரா பகுதியில் சித்தரஞ்சன் சேவா சதன் மருத்துவமனை இருப்பதை இங்கு நினைவுகூரலாம். கல்கத்தா உயர் நீதிமன்றமும் 1996-ஆம் ஆண்டில் ஒலிபெருக்கிகளைப் பற்றி அளித்த தீர்ப்பில், கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கச்செய்ய எவருக்கும் உரிமை இல்லை என்ற கருத்தை வலியுறுத்திற்று.

ஒலியைக் குறைத்தால் மெல்லிய சொற்கள் கேட்பதில்லை. கூட்டினால் சங்கொலியும் முழக்கமும் அண்டை வீட்டை எழுப்பிவிடும். இச்சிக்கலுக்கென ஏற்பட்டதே ‘இரவு அமைப்பு’. இது மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியைத் தாழ்த்தி வீச்சைச் சுருக்குகிறது. டால்பி முறையில் இதற்கான குறிப்புகள் ஒலியுடனேயே அனுப்பப்படுகின்றன. பொதியை அவிழ்க்கும் கருவிதான் அவற்றைப் பின்பற்றும். எனவே பிட்ஸ்ட்ரீம் அமைப்பில் பெருக்கியிலுள்ள இரவு அமைப்பையே இயக்கவேண்டும். குறுந்தகட்டில் இத்தகைய குறிப்புகள் இல்லாமையால், பல கருவிகளில் இவ்வமைப்பு குறுந்தகட்டுக்குப் பயன்படாது. அப்போது இரண்டு எளிய வழிகள் உள்ளன.

முதலாவது, ஒலிபெருக்கியை அருகில் கொணர்தல். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். அறையினுள் இப்பயன் சற்றுக் குறைவாயினும், கருவியின் ஒலியைத் தாழ்த்தியே தெளிவாகக் கேட்கலாம். இரண்டாவது, மந்தர ஒலியைக் குறைத்தல். அதிர்வெண் குறையக் குறையச் சுவரின் தடுக்கும் ஆற்றலும் குறைகிறது. பொதுச்சுவரைக் கொண்ட வீடுகளில் அடுத்த வீட்டுக்குச் செல்வது பேச்சன்று, முழக்கமே. மேலும், சட்ட வரம்புக்கான ‘ஏ’ அளவீட்டில் மந்தர ஒலிகள் குறைத்தே கணிக்கப்படுவதால், அளவி வரம்புக்குள் காட்டினாலும் அண்டை வீட்டார் துன்புறக்கூடும். சொற்களின் தெளிவு பெரும்பாலும் மத்திம, உச்ச ஒலிகளில் இருப்பதால் மந்தரத்தைக் குறைப்பதால் பாராயணத்தின் சொற்கள் கெடமாட்டா.

கேட்பவரின் செவியும் கருதத்தக்கது. 2019-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் செவியில் பொருத்திக் கேட்கும் கருவிகளுக்கென வெளியிட்ட தரத்தில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்றும், சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல் என்றும் வரம்பு குறிக்கப்பட்டுள்ளது. ஒலி 3 டெசிபெல் ஏறுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகும். இவ்வாறு 89 டெசிபெல்லில் பெரியவர் ஒருவர் வாரத்துக்கு 5 மணி நேரமே கேட்கலாம். செவியின் உட்புறத்திலுள்ள மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

செயல்முறை ஒழுங்கு

ஒலிக்கருவியைப் புதிதாக அமைக்கும்போது பின்வரும் ஒழுங்கைக் கையாளலாம். முதலில் ஒலி அளவைக் கடைசிவரை தாழ்த்துக. பெருக்கியின் திறனுக்கேற்பப் பி.சி.எம். அல்லது பிட்ஸ்ட்ரீமைத் தேர்க. அளவெண்ணின் வரம்பைக் குறிக்க. ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கை, உருவம், தூரம் ஆகியவற்றைப் பொதியை அவிழ்க்கும் கருவியிலேயே பதிக. மந்தர, உச்ச ஒலிக் கட்டுப்பாடுகளை நடுநிலையில் வைக்க. இதன்பின் ஒருவர் பேசும் பதிவொன்றையும் தம்புரா ஓசையையும் இயக்கி, ஒலியை மெல்ல உயர்த்திச் சோதிக்க. கடைசியில் கதவுக்கு வெளியே சென்று கேட்டுப் பார்த்து, இரவுக்குரிய ஒலி அளவைக் குறித்துக்கொள்க.

பள்ளி ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கட்டத்தாளின் உதவியால் விளக்கலாம். தாளில் ஓர் அலையை வரைந்து, அதன் உயரத்தைச் சம இடைவெளிகளில் அளந்து, எண்களை மட்டும் மற்றொரு மாணவனிடம் கொடுத்து அலையை மீண்டும் வரையச் சொல்லலாம். இடைவெளியைச் சொல்லாமல் எண்களை மட்டும் கொடுத்தால் அவன் வரையும் அலை நீண்டோ குறுகியோ போவதை மாணவர்கள் தாமே காண்பர். அலைக்கு ஒன்றிரண்டு அளவுகள் மட்டும் எடுத்தால் வேறொரு அலையே உருவாவதையும் காண்பர்.

அமைத்து முடித்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கருவியின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டிவைத்தல் நன்று. மின்தடைக்குப் பின்னரோ, கருவியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பின்னரோ, சில கருவிகள் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடுவதுண்டு. அச்சமயம் அந்தத் தாளைப் பார்த்து எவரும் ஐந்து நிமிடத்தில் மீண்டும் அமைத்துவிடலாம்.